யூனிட் சாரும் ஐந்நூறாவது யூனிட்டும்

மின்விசிறி ஓடினால் காற்று வருகிறதா என்று பார்க்கிறவர்கள் நாமெல்லாம். மீட்டர் எவ்வளவு ஓடுகிறது என்று மட்டும் பார்த்தவர், தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை நான் அறிந்த அளவில் ஒரே ஒருவர்தான்.

எங்கள் அடுக்ககம் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூருக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. பதினான்கு வீடு. லிஃப்ட் ஒன்று, அது பாதி நாள் ஓடாது. இரண்டாவது மாடியில் இருக்கும் என் வீட்டுக்கு முப்பத்தெட்டுப் படி. எனக்கு எதிர் வீட்டுக்காரர் அவர். வாசலில் பெயர்ப் பலகை இருந்தது. ஆனாலும் வாட்ச்மேனிலிருந்து சங்கச் செயலாளர் வரை எல்லோருக்கும் அவர் யூனிட் சார்தான். திருமுடிவாக்கத்தில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக் கொடுக்கும் பட்டறையை முப்பது வருஷம் நடத்தி, அதைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்தவர். முப்பது வருஷம் கரன்டை ஓட விட்டவர், ஓய்வு பெற்றதும் அதை ஓட விடாமல் பிடித்து வைப்பதில் இறங்கினார்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க வருகிறார்கள். ஐந்நூறு யூனிட் வரைக்கும் ஒரு விகிதம். அதற்கு மேல் ஒரே ஒரு யூனிட் கூடினாலும், முன்னால் ஓடிய யூனிட்டுகளுக்கும் சேர்த்து வேறு விகிதம். நாமெல்லாம் பில் வந்த அன்று புலம்பிவிட்டு மறந்துவிடுவோம். யூனிட் சார் மறக்கவில்லை. ஐந்நூறு வரை போகலாம் என்று சட்டம் சொன்னாலும், அவர் நானூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றுவிடுவார்.

"எட்ஜுல போய் நிக்கக் கூடாது சார். ஒரு யூனிட் கேப் விடணும்" என்பார், ஏதோ மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பற்றிச் சொல்வதுபோல.

இதற்காக அவர் வீட்டில் செய்திருந்த ஏற்பாடுகள் அசாத்தியமானவை. மெயின் ஒயரைக் கவ்விக்கொண்டு ஒரு சின்ன வளையம். எந்த நொடியில் எவ்வளவு கரன்ட் ஓடுகிறது என்று அது அவருடைய போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஃபிரிட்ஜ், கெய்ஸர், வாஷிங் மெஷின், மிக்ஸி எல்லாவற்றுக்கும் தனித்தனி ஸ்மார்ட் பிளக். அறைக்கு ஒரு சென்சார். ஆறு நிமிடம் ஆள் அசையாவிட்டால் விளக்கும் விசிறியும் அணைந்துவிடும். ஹாலில் பேசும் பெட்டி ஒன்று. நான் எண்ணியவரை மொத்தம் பதினெட்டுக் கருவிகள்.

"இந்தப் பதினெட்டும் சேர்ந்து எவ்வளவு கரன்ட் தின்னுது?" என்று ஒரு நாள் கேட்டேன். சும்மா கேட்டதுதான். மனிதர் முகம் செத்துவிட்டது. இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் பத்தொன்பதாவதாக ஒன்றை வாங்கி மாட்டினார். மற்றப் பதினெட்டும் எவ்வளவு தின்கின்றன என்று பார்க்க.

அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் தானாக வந்துவிடும். பேசிக்கொண்டே ஒரு காலை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். ஆட்டாவிட்டால் காற்று நின்றுவிடும். நாலு பேர் உட்கார்ந்து நாலு பேரும் காலை ஆட்டிக்கொண்டு துக்கம் விசாரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அங்கே வேலை செய்யும் தனம் முதல் வாரம் வாசலில் துடைப்பத்தோடு நின்றுவிட்டாள்.

"இன்னா சார் இது, ஆளு தொடாமயே ஃபேன் நிக்குது. வூட்ல பேய் கீய் கீதா?" என்று என்னிடம் கேட்டாள்.

"பேய் இல்லம்மா. சார்தான்."

"அப்பிடின்னா பேயே பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒரு முறை அறுபதாம் நாள் சரியாக நானூற்றுத் தொண்ணூற்றொன்பது வரும்படி எல்லாவற்றையும் திட்டமிட்டு ஓட்டியிருந்தார். அன்று ரீடிங் எடுப்பவர் வரவில்லை. விசாரித்தால், மாமனார் வீட்டு விசேஷத்துக்கு லீவு போட்டிருக்கிறாராம், இரண்டு நாள் ஆகுமாம். அன்று காலை பத்து மணிக்கு யூனிட் சார் தன் வீட்டு மெயினை இறக்கினார். பத்தே காலுக்கு அவர் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தவை என் ஃபிரிட்ஜுக்கு இடம் மாறின. பதினோரு டப்பா, இரண்டு கிண்ணம் தயிர், ஒரு தூக்கு இட்லி மாவு. பதினொன்றுக்கு அவரும் அவர் மனைவி லலிதா அம்மாவும் மாறினார்கள். நான் தனி ஆள். எனக்கு இருப்பது ஒரு ஹால், ஒரு படுக்கை அறை. இரண்டு நாளும் ஹாலில் உட்கார்ந்து என் மின்விசிறியை அவர் பார்த்த பார்வையில், அது என்னுடைய கரன்ட்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் ரீடிங் எடுப்பவர் வந்தபோது யூனிட் சார் மீட்டர் பலகை முன்னால் காவல் நின்றார்.

"இன்னா சார், மீட்டரையே பாத்துகினு நிக்கிற. உட்டா அது எங்கனா ஓடிடுமா?"

"நீ நம்பரைச் சொல்லுப்பா."

"நானூத்தித் தொண்ணூத்தொம்பது."

யூனிட் சார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மனிதர் பயந்துபோய் அடுத்த வீட்டு மீட்டருக்கு நகர்ந்துவிட்டார்.

இதெல்லாம் எங்கள் அடுக்ககத்தின் பொழுதுபோக்காக இருந்தவரை யாருக்கும் நஷ்டம் இல்லை. விஷயம் அவருடைய ஒரே மகள் நித்யா வரை போனபோதுதான் சிக்கலாயிற்று. நித்யாவைப் பள்ளிக்கரணையில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பையன், அதிர்ந்து பேசமாட்டார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் விருந்துக்கு வந்தவர், வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு உள் அறையில் படுத்தார். விருந்து சாப்பிட்டவன் அசைவானா? ஆறாவது நிமிடம் ஏசியும் விசிறியும் நின்றன. வியர்வையில் விழித்து எழுந்து உட்கார்ந்தார், ஓடியது. படுத்தார், நின்றது. இப்படி ஒரு மணி நேரத்தில் ஏழு முறை. நான் எண்ணவில்லை, மாப்பிள்ளையே பிறகு என்னிடம் சொன்னார். சரி, குளித்தாவது விடுவோம் என்று குளியலறைக்குப் போனார். கெய்ஸருக்கு எட்டு நிமிடம்தான் அனுமதி என்பது அவருக்குத் தெரியாது. தலையில் ஷாம்புவோடு அவர் நிற்கும்போது, ஹாலில் சம்பந்தி வீட்டார் எல்லோர் காதிலும் விழும்படி பேசும் பெட்டி அறிவித்தது: "கெய்ஸர் நேரம் முடிந்தது."

அதற்கு மறு வருஷம் நித்யா உண்டானாள். பங்குனியில் பள்ளிக்கரணையில் வளைகாப்பு என்று முடிவாயிற்று. வளையல் அடுக்கி முடித்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. லலிதா அம்மா அறையை ஒழித்து, புது மெத்தை வாங்கி, குழந்தைக்குப் பழைய வேட்டியெல்லாம் துவைத்து மடித்து வைத்துவிட்டார். நான் இந்துப்பு வாங்கிக் கொடுக்கப் போனபோது எண்ணினேன், பதினாறு துண்டு. அப்போதுதான் நித்யாவின் போன் வந்தது. லலிதா அம்மா கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, வளைகாப்பு முடிஞ்சதும் நான் இங்கயே இருந்துக்கறேன். அத்தையும் சரின்னுட்டாங்க."

"ஏன்டி, நான் எல்லாம் ரெடி பண்ணிட்டேனே."

"எட்டு மாச வயித்தோட ராத்திரியெல்லாம் ஃபேனுக்குக் கை ஆட்டிக்கிட்டுப் படுத்திருக்க முடியாதும்மா. குழந்தை பொறந்த அப்புறம் அதையும் ஆட்டச் சொல்வாரு."

லலிதா அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். மடித்து வைத்திருந்த வேட்டித் துண்டுகளை எடுத்து மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். ஒரே பெண், முதல் பிரசவம். அது தன் வீட்டில் இல்லை என்றால் அந்த அம்மாவுக்கு என்ன மிச்சம்?

அன்றிலிருந்து அவர் கணவரோடு பேசுவதை நிறுத்தினார். சொல்ல வேண்டியதைப் பேசும் பெட்டியிடம் சொன்னார்.

"ஹால்ல உக்காந்திருக்கிறவரைச் சாப்பிட வரச் சொல்லு."

"மன்னிக்கவும். அந்தப் பெயரில் எந்தச் சாதனமும் இல்லை" என்றது பெட்டி.

"ஆமா, இருந்தாத்தானே" என்றார் லலிதா அம்மா.

யூனிட் சார் இரண்டு நாள் இதைத் தாங்கினார். மூன்றாம் நாள் காலை என் வீட்டுக்கு வந்தார். கையில் காகிதம். நித்யாவின் அறைக்குத் தனியாக ஒரு ஏற்பாடு செய்துவிட்டாராம். பெயர் நித்யா மோடு. அந்த அறைக்கு எப்போதும் முன்னுரிமை. அங்கே ஓடுவதை வீட்டின் மற்ற இடங்களில் பிடித்தம் செய்துகொள்ளும். அசைவைப் பார்க்கும் சென்சாரைக் கழற்றிவிட்டு, மூச்சு விடுவதையே கண்டுபிடிக்கும் புதுச் சென்சார் போட்டிருக்கிறார். அசையாமல் தூங்கினாலும் விசிறி நிற்காது. ஐந்நூறும் தாண்டாது, பெண்ணும் வருவாள்.

"டெஸ்ட் பண்ணிக் காட்டினாத்தான் லலிதா நம்புவா சார். நீங்க மூணு நாள் அந்த ரூம்ல படுக்கணும்."

"நானா? கர்ப்பிணிக்குப் பதிலா?"

"உக்காந்து எழுந்திருக்க அவளுக்கும் உங்களுக்கும் ஒரே நேரம்தான் சார் ஆகுது. நான் பார்த்திருக்கேன்."

எழுபத்து நான்கு வயதில் எனக்குக் கிடைத்த கடைசிப் பதவி இது. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, புது மெத்தையில், நித்யாவுக்காக. லலிதா அம்மா என் நிலைமையைப் பார்த்து இரண்டு முறை சாத்துக்குடிச் சாறு கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் எட்டிப் பார்த்த தனம், "எத்தினி மாசம் சார்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முதல் நாள் விசிறி ஒன்பது முறை நின்றது. யூனிட் சார் ஓடி வந்து போனைப் பார்த்தார். அறையில் ஆள் இல்லை என்று அது சொன்னது.

"சார், நீங்க ரொம்ப மெதுவா மூச்சு விடறீங்க."

"இந்த வயசுக்கு இவ்வளவுதான் வரும்."

"கொஞ்சம் முயற்சி பண்ணுங்க."

உயிரோடு படுத்திருக்கும் மனிதனை ஒரு கருவி ஒரே நாளில் ஒன்பது முறை இல்லை என்று சொன்னால் அவன் மனநிலை எப்படி இருக்கும் என்று வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அன்று மாலையே நான் டாக்டரிடம் போய் நெஞ்சைப் பரிசோதித்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை என்றார். இரண்டாம் நாள் சென்சாரைக் கட்டிலுக்கு நேர் மேலே மாற்றினார். ஆறு முறை நின்றது. மூன்றாம் நாள் நான் வேண்டுமென்றே பலமாக மூச்சு விட்டேன், நான்கு முறை.

"ஒம்பது, ஆறு, நாலு. இம்ப்ரூவ்மென்ட் தெரியுது பார்" என்று மனைவியிடம் காகிதத்தை நீட்டினார்.

ஐந்து நாளாகப் பேசாதிருந்த லலிதா அம்மா அப்போது பேசினார். "நாலு தடவை நின்னா, நாலு தடவை என் பொண்ணு தூக்கம் கெட்டு எழுந்திருக்கணும். உங்க காகிதத்துல அது எங்கங்க இருக்கு?"

அன்று மாலை நித்யா என்னைக் கூப்பிட்டாள். "அங்கிள், எனக்குப் பதிலா மூணு நாள் நீங்கதான் படுத்தீங்களாமே. உண்மையைச் சொல்லுங்க. நான் வரலாமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வந்துவிடுவாள், லலிதா அம்மா முகம் மலரும். ஆனால் எண்ணிக்கை விஷயத்தில் எனக்குப் பொய் வராது. "நாலு தடவை நின்னுதும்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "அப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எதையும் கழட்ட வேண்டாம், கழட்டினா மறுநாளே திரும்ப மாட்டிடுவாரு. அந்த ஆப்ல என்னை அட்மின் ஆக்கிட்டு, அவர் வெளிய வந்துடணும். செஞ்சார்னா வளைகாப்பு அன்னிக்கே வரேன்."

தூது போனேன். யூனிட் சார் போனை எடுத்து ஆப்பை ஒரு முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு, "பார்க்க மட்டும் உரிமை இருக்கட்டுமே. வெறும் வியூவரா? எதையும் தொட மாட்டேன்" என்றார்.

அதையும் நித்யாவிடம் சொன்னேன். "வியூவரா இருந்தா அங்க பார்த்துட்டு ரூம் வாசல்ல வந்து நிப்பாரு அங்கிள். வாயைத் திறக்க மாட்டாரு, சும்மா நிப்பாரு. அது இன்னும் மோசம்."

யூனிட் சார் முடிவைச் சொல்லாமலேயே நாட்கள் போயின. வளைகாப்பு நாளும் வந்துவிட்டது. பள்ளிக்கரணை வீட்டில் கூட்டம். இரண்டு கை நிறைய வளையல் அடுக்கி, ஆரத்தி எடுத்து, ஐந்து வகைச் சாதம் பரிமாறி முடிந்தது. வாசலில் கார் காத்திருந்தது. லலிதா அம்மா ஒரு காலிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு மகளின் பெட்டி அருகில் நின்றார். நித்யா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக அல்ல, பஸ் வருமா என்று பார்ப்பதுபோல.

யூனிட் சார் போனை எடுத்தார். நான் பக்கத்தில் இருந்ததால் திரை தெரிந்தது. நிர்வாகியை மாற்றவா என்று கேட்டது. அழுத்தினார். உங்களை நீக்கவா என்று கேட்டது. அழுத்தினார். இதுவரை சேர்ந்த பதிவுகளை இனி நீங்கள் பார்க்க முடியாது, சம்மதமா என்று மூன்றாவதாகக் கேட்டது. மூன்று வருஷப் பதிவு. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணியும், ஃபிரிட்ஜ் எப்போது ஓடியது என்பது வரை. அவருடைய கட்டை விரல் திரைக்கு மேலே இருபத்திரண்டு வினாடி நின்றது.

அழுத்தினார். "உங்கள் பெயரில் வீடு எதுவும் இல்லை" என்றது திரை.

நித்யா வளையல்கள் சத்தமிட எழுந்தாள். "வாங்கப்பா, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்றாள். லலிதா அம்மா அந்தக் காலிப் பையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வந்த நாட்கள் யூனிட் சாருக்குச் சிரமமானவை. போனை எடுப்பார், பார்க்க ஒன்றும் இல்லாமல் பையில் போடுவார். கை சும்மா இருக்கவில்லை. என் வீட்டுக்கு வந்து என் விளக்குகளை அணைக்க ஆரம்பித்தார். நான் ஒரு வாரம் இருட்டில் பத்திரிகை படித்தேன். வைகாசியில், கத்திரி வெயில் கொளுத்தும்போது, பெண் குழந்தை பிறந்தது. அந்த வீட்டு ஏசி பகலும் இரவும் ஓடியது.

அடுத்த ரீடிங் நாளன்று அவர் கீழே இறங்கவில்லை. நான் போய் நின்றேன்.

"எண்ணூத்திப் பதினேழு" என்றார் ரீடிங் எடுப்பவர். கண்ணைத் தேய்த்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "இன்னா சார், மீட்டர் கெட்டுப்பூச்சா? இது அந்தாளு வூடுதான?"

"பேத்தி பொறந்திருக்கு."

"அட, அப்ப சரிதான். பாத்துச் சொல்லு சார், மெதுவா. படார்னு சொல்லிடாத."

முப்பத்தெட்டுப் படியும் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். கதவு திறந்திருந்தது. யூனிட் சார் தூளிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டு.

"எண்ணூத்திப் பதினேழு" என்றேன்.

"மெதுவா பேசுங்க சார், இப்பத்தான் தூங்கினா" என்றார். பிறகு நோட்டைக் காட்டினார். "ஏசி இருபத்தாறுல வெச்சா மூணு மணி பத்து நிமிஷம் தூங்கறா. இருபத்தேழுல ரெண்டே கால்தான். இருபத்தஞ்சுல தும்மறா. அதனால இருபத்தாறுதான் கரெக்ட்."

"நான் சொன்னது காதுல விழுந்துதா?"

"விழுந்துது" என்றார். தூளியை லேசாக ஒரு முறை ஆட்டினார். "எண்ணூறே வந்தாச்சுல்ல. இனிமே எந்த நம்பருக்கும் பயப்பட வேண்டியதில்ல."

இந்த வீட்டுக்கு வரவே மாட்டேன் என்ற பெண், ஏழு மாதம் இருந்தாள். திரும்ப வேலைக்குப் போக வேண்டிய நேரம் வந்தபோது, கேளம்பாக்கத்தில் புது ஃபிளாட் பார்த்து, அப்பாவையும் அம்மாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே யூனிட் சார்தான் அட்மினாம். குழந்தையின் அறை மட்டும் நித்யாவிடம்.

எதிர் வீட்டில் இப்போது வாடகைக்கு ஒரு தம்பதி. இருவரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பட்டப்பகலில் பால்கனி விளக்கு எரிகிறது. தினமும் காலையில் பால் வாங்க இறங்கும்போது அவர்கள் மீட்டரைப் பார்த்து எண்ணை மனதில் வைத்துக்கொள்கிறேன். மேலே ஏறி வந்து எதிர்க் கதவின் அழைப்பு மணிமேல் கை போன பிறகுதான், அதைக் கேட்டுக்கொள்ளும் மனிதர் அங்கே இல்லை என்பது ஞாபகம் வருகிறது.